பெயர் மாறும் நீர்

ஊற்றுக்கும் ஆற்றுக்கும் பெண்ணின் பெயரைச் சூட்டுவது மனித குலத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. பண்டைக் கிரேக்கர் நீர்நிலை ஒவ்வொன்றிலும் ஓர் அணங்கு உறைவதாகக் கருதினர். நம் சங்கப் புலவர்கள் மலையில் வரையரமகளிரையும், நீர்த்துறையில் நீரரமகளிரையும் கண்டனர். பரிபாடலில் வையைக்கெனத் தனிப்பாடல்கள் உள்ளன. கண்ணகிக்கு நேரவிருந்த துயரை அறிந்த வையை, பூவாடையால் தன் கண்ணீரை மறைத்துச் சென்றதாக இளங்கோவடிகள் புனைந்துரைத்தார்.

ஓரிறைக் கொள்கையை உயிரெனக் கொண்ட நமக்கு இத்தகைய அணங்குகளோடு என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். அணங்கோடு தொடர்பு இல்லை, பெயரோடு உண்டு. ஒரு நீரின் பெயரைத் துருவிப் பார்த்தால், அந்நீரை உண்டவர் யார், எங்கிருந்து வந்தவர், எதை உரிமை என்று கருதினர் என்பன விளங்கும். அத்தகைய பெயர் ஒன்று அரெதூசா. அதனை எடுத்துக்கொண்டு, தேனிக்கு அருகே முல்லைப் பெரியாற்றங்கரையில் இருக்கும் பழனிசெட்டிபட்டி வரை வருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலடியில் ஓடிய கதை

அரெதூசா என்பாள் அர்த்தமிஸ் என்னும் வேட்டைத் தெய்வத்தின் தோழியருள் ஒருத்தி என்பது கிரேக்கர் கதை. அவள் அல்பியஸ் ஆற்றில் நீராடியபோது அவ்வாற்றின் தேவன் அவள்மீது மையல் கொண்டு துரத்தினான். ஓடிக் களைத்தவள் தன் தலைவியிடம் முறையிட்டாள். தலைவி அவளை நீராக மாற்றி நிலத்தைப் பிளந்து வழிவிட்டாள். நிலத்தடியிலும் கடலடியிலும் ஓடி, சிசிலித் தீவின் சிரகூஸ் நகரை அடுத்த ஒர்த்திஜியா என்னும் திட்டில் அவள் நன்னீர் ஊற்றாக வெளிப்பட்டாள். அல்பியஸும் விடாது கடலடியில் தொடர்ந்து வந்து அவளோடு கலந்தான். உரோமக் கவிஞர் ஒவிட் இக்கதையைத் தம் பெருநூலின் ஐந்தாம் பகுதியில் விரித்துரைத்துள்ளார்.

கிரேக்க நாட்டின் அல்பியஸ் ஆறு கடலில் விழும் இடத்துக்கும் சிரகூஸுக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் விரிந்து கிடக்கிறது. இருந்தும் இக்கதையை மெய்யென நம்பியோர் பலர். அல்பியஸ் ஆற்றில் எறிந்த கிண்ணம் சிரகூஸ் ஊற்றில் மேலெழுந்தது என்றனர். ஒலிம்பியாவில் எருதுகளைப் பலியிடும் நாளில் அவ்வூற்று நீர் நிறம் மாறுகிறது என்றும் கூறினர். கி.மு. முதல் நூற்றாண்டில் பிறந்த நிலநூலாசிரியர் ஸ்திராபோ இதனை ஆராய்ந்தார். அல்பியஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறதே. கடலில் கலந்த பின் அந்நீர் உப்பாகாமல் எங்ஙனம் தனித்து ஓடும் என்று கேட்டார். அதே ஆறு தன் மேற்பகுதியில் நிலத்துள் மறைந்து மீண்டும் வெளிப்படுவது உண்மை என்பதையும் அவர் மறைக்கவில்லை. சுண்ணாம்புப் பாறை நாட்டில் ஆறுகள் புதைந்து எழுவது இயல்பே. உண்மை ஒரு முழமும் கற்பனை நூறு முழமுமாகப் பின்னப்பட்ட கதை இது.

கற்பனை ஏன் பிறந்தது? கொரிந்து நகரத்தார் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து சிரகூஸில் குடியேறினர். அரெதூசா என்னும் பெயர் கொண்ட ஊற்றுகள் இத்தாக்காவிலும் கல்கிஸிலும் முன்பே இருந்தன. எனவே இப்பெயர் ஒருத்திக்கே உரியதாக இராமல், நல்ல ஊற்றுகளுக்கு வழங்கிய பெயராக இருந்திருத்தல் கூடும். புதிய மண்ணில் புதிய ஊற்றைக் கண்டவர்கள் தாயகப் பெயரை அதற்கு இட்டனர். பின்னர், இது நம் ஊர் நீரே. நம்மைத் தேடிக் கடலடியில் வந்தது என்று ஒரு கதையையும் கட்டிக்கொண்டனர். ஊரைப் பிரிந்தவரின் ஏக்கமே அக்கதையின் வேர்.

இவ்வேக்கம் நமக்கும் புதிதன்று. கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே சிங்கப்பூரில் எழுப்பிய கட்டடத்துக்கு நாகூர் தர்கா என்றே பெயர் வைத்தனர். நாகூரில் அடங்கியிருக்கும் பெரியார் சிங்கப்பூருக்குச் சென்றவரல்லர். அவர் பெயர் சென்றது. பெயர் கப்பலேறிப் போகும். உடன் போனவர்களின் பிள்ளைகளுக்கு அது ஊரை நினைவூட்டும்.

சிரகூஸில் முஸ்லிம்கள்

கி.பி. 878ஆம் ஆண்டு, ஒன்பது மாத முற்றுகைக்குப் பின், வட ஆப்பிரிக்காவின் அக்லபியர் படை சிரகூஸைக் கைப்பற்றியது. அவ்வெற்றி பெருங்கொலையோடும் கொள்ளையோடும் நிகழ்ந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை; நாமும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வாள் தந்தது ஒரு வரலாறு; அதன்பின் வந்த உழவர் தந்தது வேறொரு வரலாறு.

அந்த உழவர்களின் வரலாறு இன்றும் சிசிலி மக்களின் நாவில் இருக்கின்றது. தோட்டத்தில் நீர் தேக்கும் தொட்டியை அவர்கள் ‘ஜெப்பியா’ என்பர். அது அரபியின் ‘ஜாபியா’. வாய்க்காலை ‘சாயா’ என்பர், அது ‘ஸாகியா’. நீரிறைக்கும் பொறியை ‘செனியா’ என்பர், அது ‘ஸானியா’. பலெர்மோ நகரின் அடியில் மண்ணைக் குடைந்து அமைத்த கனாத் என்னும் நீர்ச்சுரங்கங்களை இன்றும் காணலாம். எலுமிச்சையும் கிச்சிலியும் அத்தீவில் செழித்தமைக்கு இந்நீர்க்கலையே காரணம். முஸ்லிம்கள் அங்கு விட்டுச்சென்ற சொற்கள் அணங்குகளின் பெயர்கள் அல்ல. தொட்டி, வாய்க்கால், ஏற்றம் என்னும் தொழிற்சொற்கள்.

இதை நம் பள்ளிவாசல்களிலேயே பார்க்கலாம். ஒளூச் செய்யும் நீர்த்தொட்டியை நாம் ‘ஹவுள்’ என்கிறோம். அது அரபியின் ‘ஹவ்ள்’. அரபியர் நீர்த்தொட்டிக்கு வைத்திருந்த ஒரு சொல் சிசிலித் தோட்டத்துக்குப் போயிற்று. மற்றொன்று தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்தது.

பாக்தாதின் அறிஞர்கள் கிரேக்க நூல்களை அரபியில் பெயர்த்த வரலாற்றை நம் வாசகர் அறிவர். அரிஸ்டாட்டில், கலேன், யூக்ளிட், தாலமி ஆகியோரின் நூல்களை அவர்கள் தேடித் தேடிப் பெயர்த்தனர். கிரேக்கரின் தெய்வக் கதைகளையும் காவியங்களையும் அவர்கள் அங்ஙனம் நாடவில்லை. அரெதூசாவின் ஊர் முஸ்லிம்களின் கையில் இருநூறு ஆண்டுகள் இருந்தும் அரெதூசா அரபு இலக்கியத்தில் குடியேறவில்லை. நீரைப் பொழிவிப்பவனும் புதைப்பவனும் ஒருவனே என்று அறிந்தவர்க்கு ஊற்றின் உள்ளே ஒருத்தி வேண்டியிருக்கவில்லை.

ஆயின் ஏக்கம் குடியேறியது. சிரகூஸ் நகரோடு தம் பெயர் பிணைந்த கவிஞர் இப்னு ஹம்தீஸ், நார்மானியர் சிசிலியைக் கைப்பற்றி வந்த காலத்தில் இளைஞராகத் தீவை நீங்கி ஸ்பெயினின் இஷ்பீலிய்யா நகரை அடைந்தார்; அங்கு மன்னர் முஃதமிதின் அவையில் இடம்பெற்றார். கி.பி. 1133இல் மறையும் வரை பிறந்த மண்ணைப் பாடிக்கொண்டே இருந்தார். கொரிந்தை விட்டு வந்தவர்கள் சிரகூஸில் இருந்துகொண்டு கொரிந்தை நினைத்தனர். சிரகூஸை விட்டுச் சென்றவர் இஷ்பீலிய்யாவில் இருந்துகொண்டு சிரகூஸை நினைத்தார். ஊற்று ஒன்றே, அதனை இழந்தோர் பலர்.

ஓடிய மற்றொரு பெண்மணி

நீருக்காக ஓடிய பெண்மணி ஒருவரை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அரெதூசா ஒருவனுக்கு அஞ்சி ஓடினாள், கதையில் நீரானாள். அன்னை ஹாஜரா (அலை) பச்சிளங் குழந்தையின் தாகம் தணிக்க ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். அவர்கள் நீராகவும் இல்லை. நீரின் தெய்வமாகவும் ஆக்கப்படவில்லை. ஊற்று இறைவன் அருளால் பீறிட்டது. அன்னையார் செய்தது, மண்ணைக் குவித்து அதற்கு வரம்பு கட்டியது. ஓடும் நீரைத் தடுத்துத் தேக்கியதைக் குறிப்பதே ஜம்ஜம் என்னும் பெயர் என்று விளக்கம் கூறுவோர் உண்டு.

அதன்பின் நடந்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. அதனை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஜுர்ஹும் குலத்தார் அவ்வழியே வந்தனர். பறவை வட்டமிடுவதைக் கண்டு நீர் இருப்பதை உணர்ந்தனர். தனித்திருந்த ஒரு பெண்ணிடம், இங்குத் தங்க அனுமதி உண்டா என்று கேட்டனர். தங்கலாம், ஆனால் நீரின்மீது உங்களுக்கு உரிமை இல்லை என்னும் கருத்துப்பட அன்னையார் விடையளித்தார்கள். அவர்கள் அதற்கு இணங்கியே குடியேறினர். மக்கா என்னும் மாநகர் ஒரு நீர் உடன்படிக்கையின்மீது எழுந்தது. வலியவர் கேட்டனர், எளியவர் நிபந்தனை விதித்தார், வலியவர் ஏற்றனர். நீர் வரலாற்றில் இதனினும் மேலான நிகழ்ச்சி அரிது.

பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா மக்காவுக்கு நீர் கொணர அமைத்த கால்வாய் அவர் பெயராலேயே ஐன் ஜுபைதா எனப்பட்டது. மதீனாவில் ரூமா கிணற்றை உதுமான் (ரலி) விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு விட்டார்கள். இப்பெயர்கள் வணக்கத்துக்கு உரியவை அல்ல, நன்றிக்கு உரியவை. இரண்டுக்கும் இடையேயுள்ள கோடு மெல்லியதாயினும் தெளிவானது.

மலையடியில் வந்த பெயர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கின் இயற்கையான ஆறு சுருளியாறு. அதன் குறுக்கே அணைகட்டி, வாய்க்கால் வெட்டி உழுதவர்கள் பலர். மேற்கே மலைக்கு அப்பால் முல்லையாறும் பெரியாறும் கூடி மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்தன. அந்நீரைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளைக்கு 1789இல் எழுந்தது. 1808இல் ஆராய்ந்த ஆங்கிலப் பொறியாளர் கால்டுவெல் அதனைக் கைகூடாத காரியம் என்றார். 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பின்னரே அரசு விழித்துக்கொண்டது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகைத் தொகை. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887இல் தொடங்கிய வேலை 1895இல் நிறைவெய்தியது. அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்து வைத்தார்.

தேக்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வருகிறது. ஒரு மைலுக்குச் சற்று மிகுந்த அந்தச் சுரங்கம், கிரேக்கர் கதையில் கட்டியதை நம் நாட்டில் உளியாலும் வெடிமருந்தாலும் மெய்ப்பித்தது. இங்கு உற்று நோக்க வேண்டியது பெயரின் பயணம். மலைக்கு மேலே பெரியாறு, இறங்குகையில் வைரவனாறு, பள்ளத்தாக்கில் சுருளியாற்றோடு கலப்பு, தேனியைத் தாண்டி வையையோடு சேர்ந்தபின் வையை. ஒரே நீருக்கு நான்கு பெயர்கள். ஆனால் பழனிசெட்டிபட்டியில் நின்று இது எந்த ஆறு என்று கேளுங்கள். முல்லைப் பெரியாறு என்பர், அல்லது முல்லையாறு என்பர். அவை மலைக்கு அப்பாலுள்ள இரு ஆறுகளின் பெயர்கள். நீரோடு பெயரும் சுரங்கத்தின் வழியே வந்து, இம்மண்ணின் பழைய சுருளியாற்றுப் பெயரை மக்கள் வழக்கில் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அரெதூசாவுக்குக் கதையில் நேர்ந்தது முல்லைக்கு நேரில் நேர்ந்தது.

பழனிசெட்டிபட்டி இதில் ஒரு தனி இடம் பெறுகிறது. லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் என்பது பொதுப்பணித்துறைக் கணக்கு. ஆகவே இவ்வூர் அந்தப் பாசனத்தின் கடைமடை. இவ்வூர்த் தடுப்பணையையும் கடந்து போகும் நீர், 1959இல் திறக்கப்பட்ட வையை அணைக்குச் சென்று, மதுரைக்கும் அப்பால் இராமநாதபுரம் சீமை வரை உரிமை கோரப்படுகிறது. முத்திருளப்ப பிள்ளை எந்த மண்ணுக்காக நினைத்தாரோ, அந்த மண் ஆற்றின் கடைக்கோடியில் காத்திருக்கின்றது.

கிண்ணமும் சொத்தும்

பென்னிகுவிக்கின் பிறந்தநாள் சனவரி 15. பள்ளத்தாக்கின் சில ஊர்களில் அந்நாளில் பொங்கலிட்டு அவரை நினைக்கின்றனர். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரையே இட்டோரும் உண்டு. 2013இல் லோயர்கேம்பில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. வேற்று நாட்டார், வேற்றுச் சமயத்தார் ஒருவரிடம் உழவர் காட்டும் இந்நன்றி போற்றத்தக்கது. மனிதர்க்கு நன்றி பாராட்டாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவனாகான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையன்றோ?

ஆயினும் ஸ்திராபோவைப் போல் நாமும் ஒரு வினா எழுப்பவேண்டும். வெள்ளம் முதலில் கட்டிய வேலையை அடித்துச் சென்றது, அரசு கைவிட்டது, பென்னிகுவிக் தம் சொத்தையெல்லாம் விற்று அணையைக் கட்டினார் என்று ஒரு கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. வெள்ளம் வந்தது உண்மை; வேலை அழிந்தது உண்மை; அவர் விடாமுயற்சி உண்மை. ஆனால் அணையின் வேலையில் ஈடுபட்ட பொறியாளர் மெக்கன்சி 1899இல் வெளியிட்ட திட்ட வரலாறு, இதனை அரசு தன் செலவில் நடத்திய பணியாகவே காட்டுகிறது. சொத்து விற்ற கதை ஆவணத்தில் நிற்கவில்லை. ஆற்றில் எறிந்த கிண்ணம் ஊற்றில் எழுந்த கதையின் இனத்தைச் சேர்ந்தது அது. அதனை நீக்கிவிட்டாலும் அவர் பெருமைக்குக் குறைவில்லை. அவர் செய்ததே போதும்.

மேலும், ஒருவர் பெயர் பெரிதாகும்போது பலர் பெயர் மறைகிறது. மலைக்காய்ச்சலிலும் காட்டு மழையிலும் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, அங்கேயே மாண்ட கூலியாட்களின் பெயரை எந்த மண்டபத்திலும் காணோம். அரெதூசாவின் உருவத்தைச் சிரகூஸ் நகரத்தார் வெள்ளிக் காசில் பொறித்தனர். அழகால் புகழ்பெற்ற அக்காசுகளில் கிமோன், எவைனெதோஸ் என்னும் அச்சு வெட்டிய கலைஞர்களின் பெயர்களும் உண்டு. காசுக்கு அச்சு வெட்டியவன் பெயர் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. நூற்றுச் சில்லறை ஆண்டுகளுக்கு முன் மலை குடைந்தவன் பெயர் நம்மிடம் இல்லை.

பெயரும் உரிமையும்

பெயர் ஒரு பக்கம் இருக்க, உரிமைதான் இன்று வழக்கு. அணையில் எவ்வளவு உயரம் நீர் தேக்குவது என்பதில் தமிழகமும் கேரளமும் பல்லாண்டுகளாக மாறுபட்டு நிற்கின்றன. 2006இலும் பின்னர் 2014 மே 7ஆம் நாளிலும் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. நம் உழவரின் பசியும் உண்மை. அணைக்குக் கீழே வாழும் மலையாள மக்களின் அச்சமும் உண்மை. ஒன்றை மட்டும் பேசுவது நீதியாகாது.

நம் சட்ட அறிஞர்கள் நீரில் இருவகை உரிமை கண்டனர். தாகத்துக்குக் குடிக்கும் உரிமை ஒன்று; அது மனிதர்க்கும் கால்நடைக்கும் பொது. வயலுக்குப் பாய்ச்சும் உரிமை மற்றொன்று; அதற்கு முறை உண்டு. மதீனாவின் ஹர்ரா நீரோடையில் ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு எழுந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய தீர்ப்பு நூல்களில் உள்ளது. மேல்மடைக்காரர் தம் நிலத்துக்கு வேண்டிய அளவு பாய்ச்சிக்கொண்டு எஞ்சியதைக் கீழ்மடைக்கு விடவேண்டும் என்பது அதன் சாரம். மேலிருப்பது முந்தும் உரிமையைத் தருகிறது. அடக்கி வைக்கும் உரிமையைத் தருவதில்லை. இத்தீர்ப்பைக் கம்பம் பள்ளத்தாக்கின் கடைமடையில் நிற்கும் உழவர் எவரும் விளக்கமின்றியே புரிந்துகொள்வர்.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அரபு நாட்டை வருணிக்கும்போது தமிழ்க் காவிய மரபின்படி அங்கும் மழையைப் பொழிவித்தார், வெள்ளத்தைப் பெருக்கினார், வயலை விளைவித்தார். மரபை ஏற்றார், தெய்வத்தை ஏற்கவில்லை. வையையைப் பெண்ணென்று பாடும் தமிழை நாம் தள்ளவேண்டுவதில்லை. அப்பெண்ணை வணங்கவேண்டுவதும் இல்லை. நீர் நிலத்தினுள் ஆழ்ந்துபோனால் அதனை மீட்டுத் தருபவர் யார் என்னும் வினாவோடு அல்முல்க் அத்தியாயம் முடிவதை இரவுதோறும் ஓதுவோர் நம் வீடுகளில் உள்ளனர். அந்த வினாவுக்குக் கிரேக்கர் ஓர் அணங்கின் பெயரை விடையாகச் சொன்னார்கள். நம் விடை வேறு.

அரெதூசா ஊற்று இன்றும் சிரகூஸில் இருக்கிறது. கல்மதில் தடுக்காவிட்டால் கடல் அதனை மூடிவிடும் என்று உரோம அறிஞர் சிசரோ தம் காலத்திலேயே எழுதினார். பிற்காலத்தில் அதன் நீரில் உப்புக் கலந்துவிட்டது. நாணற்புல்லும் வாத்துகளும் சூழ, காண்போர்க்கு அழகாகவே இருக்கிறது, பெயரும் இருக்கிறது, குடிக்கத்தான் ஆகாது. பெயர் நின்று நீர் கெடுவது அவ்வாறு. முல்லைப் பெரியாற்றில் கழிவைக் கலப்போரும், கரையை வளைப்போரும், மணலை அள்ளுவோரும் செய்வது அதுவே. ஆற்றின் பெயர் பலகையில் இருக்கும், ஆறு இராது. கரையோரத்து முஸ்லிம் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு இந்நீரின் நான்கு பெயர்களையும், அது வந்த வழியையும், அது போகவேண்டிய கடைமடையையும் சொல்லிக்கொடுக்கட்டும். ஓடும் ஆற்றின் கரையில் ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. அக்கற்பனையைக் காக்க நமக்கு அருகிலேயே ஓர் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது.